தொட்டியின் அடித்தளத்தில் சண்டை ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்யூனிட்டி டேங்க் (பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டி) வைப்பவர்கள் மேலேயும் நடுவிலும் நீந்தும் மீன்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். டெட்ரா எத்தனை விடலாம், கப்பியோடு எது ஒத்துப்போகும் என்று பலரிடம் விசாரிப்பார்கள். கீழே என்ன விடுவது என்ற கேள்வி வரும்போது மட்டும், "தொட்டியைச் சுத்தம் செய்ய ஏதாவது ஒன்று" என்று முடித்துவிடுவார்கள். ஒரு ப்ளெக்கோ, இரண்டு கோரிடோராஸ் (இரண்டும் கெளுத்தி வகைகள்), நிறத்துக்காக ஒரு ரெட் டெயில் ஷார்க். சில மாதங்கள் எல்லாம் அமைதியாகத்தான் போகும். அப்புறம் கோரிடோராஸின் வால் கிழிந்திருக்கும். ப்ளெக்கோ ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வெளியே வராது. ஷார்க் மட்டும் தொட்டி முழுக்க ரோந்து சுற்றும்.

இதை அந்த மீனின் கெட்ட குணம் என்று சொல்வது நியாயமில்லை. நடுத்தண்ணீரில் கூட்டமாக நீந்தும் மீனுக்குப் பிடித்து வைத்துக்கொள்ள எதுவும் கிடையாது. அடித்தள மீனுக்கு அப்படி இல்லை. ஒளிய ஒரு குகை, நிழல் தரும் ஒரு மரக்கட்டை, பாசி படிந்த ஒரு கல், உணவு விழும் ஒரு மூலை எல்லாமே அதற்குச் சொத்து. ஆற்றிலும் இந்தச் சண்டை நடக்கிறது. ஆனால் அங்கே தோற்ற மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். துரத்திய மீனும் திரும்பிவிடும். தொட்டியில் ஓடுகிற மீனைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. துரத்தும் மீனின் பார்வையில், இவ்வளவு விரட்டியும் எதிரி இன்னும் தன் இடத்திலேயே நிற்கிறது. அதனால் மறுபடியும் துரத்துகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல், தோற்ற மீனுக்குப் போக இடம் வேண்டும் என்பதை மறப்பதால் வருபவை.

லிட்டரை மட்டும் பார்ப்பது

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள தொட்டி 108 லிட்டர் பிடிக்கும். 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ளதும் அதே 108 லிட்டர்தான். ஆனால் முதல் தொட்டியின் தரை 1,800 சதுர செ.மீ., இரண்டாவதன் தரை 2,700 சதுர செ.மீ. கீழே வாழும் மீனுக்கு இரண்டும் வேறு வேறு ஊர்கள் மாதிரி. உயரமான தொட்டி கூடத்தில் அழகாக இருக்கும், ஆனால் அந்த உயரத்தால் கெளுத்திக்கும், லோச் என்ற அடித்தள மீனுக்கும் எந்தப் பயனும் இல்லை. 60 செ.மீ. நீளத் தொட்டிக்கு ஒரே வகை அடித்தள மீன் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு கோரிடோராஸோ, ஒரு பிரிஸ்டில்நோஸ் ப்ளெக்கோவோ, சிறிய வகை சிக்லிட் மீன் ஜோடி ஒன்றோ, ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

குட்டியின் குணத்தை நம்பி வாங்குவது

கடையில் இருக்கும் மீன் பெரும்பாலும் 4, 5 செ.மீ. குட்டி. அந்த வயதில் ரெட் டெயில் ஷார்க் பயந்து ஒளிந்துகொள்ளும். பெயரில் ஷார்க் என்று இருந்தாலும் இது கெண்டைக் குடும்பத்து மீன். தாய்லாந்து அதன் தாயகம். வளர்ந்தால் 12 முதல் 15 செ.மீ. வரும், நன்றாகப் பராமரித்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அந்த வருடங்களில் பெரும்பகுதியை அது வளர்ந்த மீனாக, தன் எல்லையை விட்டுக்கொடுக்காத மீனாகக் கழிக்கப்போகிறது. வாங்கும் முன் அந்த மீனைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

சைனீஸ் ஆல்ஜி ஈட்டர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. குட்டியாக இருக்கும்போது ஒழுங்காகப் பாசி மேயும். வளர வளரப் பாசியில் ஆர்வம் குறைந்து, ஏஞ்சல் போன்ற தட்டையான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்புப் படலத்தைச் சுரண்டத் தொடங்கும். அந்தப் படலம் போன இடத்தில் கிருமித் தொற்று எளிதில் வரும். இந்த மீன் 25 செ.மீ.க்கும் மேல் வளரக்கூடியது. சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர் என்ற பெயரிலும் இது சில இடங்களில் கைமாறுகிறது. அசல் சயாமீஸில் உடம்பின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை நீளும். வாய், கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு வாயாக இருக்காது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எண்ணிக்கையில் தவறுவது

"தனியாக இருக்கிறதே, பாவம்" என்று ரெட் டெயில் ஷார்க்குக்கு இன்னொன்றைத் துணை சேர்ப்பவர்கள் உண்டு. அந்த மீனுக்குத் துணை தேவையில்லை. தன் இனத்தையே அது முதல் எதிரியாகப் பார்க்கும். உருவம் ஒத்த ரெயின்போ ஷார்க்கையும் விட்டுவைக்காது. எல்லை பிடிக்கும் மீன்களில் இரண்டு என்பதுதான் மிக மோசமான எண்ணிக்கை: வலுவானது ஒன்று, அடி வாங்க ஒன்று, கோபத்தைப் பங்குபோட மூன்றாவது இல்லை. பிரிஸ்டில்நோஸ் ஆண்களும் இப்படித்தான். மூக்கில் தாடி போல் தசை இழைகள் உள்ள இரண்டு ஆண்களைச் சிறிய தொட்டியில் சேர்த்தால் குகைக்காக மோதும். கன்னத்தில் இருக்கும் முள்களை விரித்து ஒன்றையொன்று குத்தும்.

இதற்கு நேர் எதிரான தவறு, கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வைப்பது. கோரிடோராஸ் குறைந்தது ஆறு வேண்டும். குலி லோச்சும் அப்படியே. க்ளவுன் லோச் ஐந்துக்குக் குறையக் கூடாது. ஆனால் அது 20 செ.மீ.யைத் தாண்டி வளரும் மீன் என்பதால், மிகப் பெரிய தொட்டி இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. க்ளவுன் லோச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: கூட்டத்தில் யார் பெரியவர் என்று முடிவு செய்ய அவை மோதும்போது உடம்பு நிறம் வெளிறிச் சாம்பலாகும், 'டக் டக்' என்று சத்தமும் கேட்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் காயமில்லாமல் முடிந்துவிடும். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டால், மறுபடி சேர்க்கும்போது எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு குகை வைப்பது

நடுவில் அழகான ஒரு குகை, சுற்றிலும் வெறும் மணல். படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் இந்த அமைப்பே சண்டையைக் கூப்பிட்டுக் கொண்டுவரும். ஒளிவிடம் மீன்களின் எண்ணிக்கையை விட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். அவை ஒரே பக்கம் குவியாமல் தொட்டியின் இரு முனைகளிலும் பரவியிருக்க வேண்டும். குகையின் அமைப்பையும் பாருங்கள். முட்டையைக் காக்கும் ஆண் ப்ளெக்கோவுக்கு, உடம்பு இறுக்கமாகப் பொருந்துகிற, ஒரு பக்கம் மூடிய குழாய் பிடிக்கும். துரத்தப்படும் மீனுக்கு அதே குழாய் பொறி. உள்ளே போனால் வாசலில் எதிரி நிற்பான், வெளியே வர வழி இருக்காது. தப்பி ஓடுவதற்கான ஒளிவிடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும்.

குகையை விட முக்கியமானது பார்வையை மறைப்பது. நிமிர்த்தி வைத்த தட்டைக் கல், குறுக்கே கிடக்கும் டிரிஃப்ட்வுட், அடர்ந்த செடிப் புதர் ஆகியவை இருந்தால் தரை சின்னச் சின்ன அறைகளாகப் பிரியும். சோதித்துப் பார்ப்பது சுலபம். தொட்டியின் ஒரு முனையில் மணல் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். எதிர் முனைக் கண்ணாடி தடையில்லாமல் தெரிந்தால், அங்கே இருக்கும் மீனுக்கும் தரை முழுவதும் தெரியும். தெரிகிற இடம் முழுவதையும் அது உரிமை கொண்டாடும். கற்களை மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக ஊன்றி, அப்புறம் மணலைப் போடுங்கள். மீன்கள் தோண்டினாலும் சரியாது.

இனப்பெருக்கக் காலத்தை மறப்பது

கிரிபென்சிஸ், ராம், அபிஸ்டோகிராமா போன்ற சிறிய வகை சிக்லிட்கள் ஆண்டின் பெரும்பகுதி சாதுவாக இருக்கும். முட்டையிட்டதும் ஆளே மாறிவிடும். முக்கியமாக, நைஜீரியா, கேமரூன் பகுதி மீனான கிரிபென்சிஸ் ஜோடி, குகையைச் சுற்றித் தரையில் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். இன்னொரு சிக்லிட் அங்கே வந்தால், துடுப்பை விரித்து செவுளைத் திறந்து மிரட்டியதுமே புரிந்துகொண்டு விலகிவிடும். கோரிடோராஸுக்கு அந்த மிரட்டல் புரிவதில்லை. எல்லை பிடித்து வாழும் வழக்கமே அதற்குக் கிடையாது. மணலைக் கிளறியபடி குகை வாசலுக்கு மறுபடியும் வரும், கடி வாங்கும், திரும்பவும் வரும். துடுப்பு கிழிவது மட்டுமில்லை, கண்ணை இழந்த கோரிடோராஸ்களும் உண்டு. மறுபக்கம், இருட்டியதும் கோரிடோராஸ் முட்டைகளைத் தின்றுவிடும். இந்த இரண்டையும் சிறிய தரையில் சேர்ப்பதால் இரண்டுமே கஷ்டப்படும். இனப்பெருக்கம் செய்யும் சிக்லிட் ஜோடி இருந்தால் கோரிடோராஸைத் தவிர்த்துவிடுங்கள், மேல்தளத்துக்கு டெட்ரா போதும்.

உணவை ஒரே மூலையில் போடுவது

ஒரே இடத்தில் விழும் வேஃபரும் (அடியில் மூழ்கும் வில்லை உணவு) காவல் காக்க வேண்டிய சொத்தாகிவிடும். உடைத்து மூன்று நான்கு இடங்களில் போடுங்கள். விளக்கை அணைத்த பிறகு இன்னொரு பங்கு போட்டால் கூச்சமுள்ள மீனுக்கும் கிடைக்கும். மேல்மீன்கள் மிச்சம் வைப்பதைத் தின்று கீழ்மீன்கள் வாழ்ந்துகொள்ளும் என்ற எண்ணம் வேண்டாம்.

புது மீனை அப்படியே இறக்குவது

ஏற்கனவே இடம் பிடித்த மீன்தான் பெரும்பாலும் ஜெயிக்கும், புதியது கொஞ்சம் பெரியதாக இருந்தாலும்கூட. அதனால் சாதுவான மீன்களை முதலிலும், எல்லை பிடிக்கும் மீனைக் கடைசியிலும் விடுங்கள். வரிசை ஏற்கனவே மாறிவிட்டது என்றால், புது மீனை விடும் அன்றே கல், கட்டை, குகை எல்லாவற்றையும் இடம் மாற்றிவையுங்கள். பழைய எல்லைகள் அழிந்து, எல்லோரும் புதிதாக இடம் தேடுவார்கள். விளக்கை அணைத்து, பழைய மீன்களுக்குக் கொஞ்சம் உணவு கொடுத்துவிட்டு விடுவதும் உதவும்.

சண்டை முற்றிய பிறகு பலரும் செய்வது, அடி வாங்கிய மீனை எடுத்து வேறு தொட்டியில் விடுவது. காயம் ஆற அது தேவைதான், ஆனால் துரத்தும் மீன் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். துரத்தும் மீனையும் ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, தரை அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப விட்டுப் பாருங்கள். பலன் இருக்கிறதா என்பதைப் பகலில் மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. ப்ளெக்கோ, லோச் போன்றவை இரவில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து மங்கலான வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் மேற்பரப்பை ஒட்டி மூலையில் நிற்கும் அடித்தள மீன், வெளிறிய நிறம், ஒட்டிய வயிறு, வேகமான செவுள் அசைவு எல்லாம் தொடர்ந்து துரத்தப்படுவதால் வரலாம். தண்ணீர் கெட்டிருந்தாலும் இதே அறிகுறிகள் வரும், எனவே தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் மீனைக் கடையிலோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைத்துவிடலாம். ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விட வேண்டாம். சக்கர் ஃபிஷ் என்று விற்கப்படும் பெரிய ப்ளெக்கோக்கள் இப்படி வெளியே போய்ப் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைக் குடைந்து, அங்கிருந்த மீன்களுக்கு இடையூறாகியிருக்கின்றன.

வளர்ந்த ரெட் டெயில் ஷார்க்கை விட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: அதை மையமாக வைத்தே தொட்டியை அமைப்பது. 120 செ.மீ. நீளத் தொட்டி, மேலேயும் நடுவிலும் வேகமாக நீந்தும் பெரிய டேனியோவோ பார்பு கூட்டமோ, கீழே நிறைய கட்டைகளும் செடிகளும். தரையில் வேறு யாரும் வேண்டாம்.