முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு: கண்காணிப்பையும் போரையும் பற்றிய வாதங்களில் மொரீசியஸ் தமிழர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபரில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, மிசி முஸ்தாஸ் என்ற புனைபெயரில் தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணையத்தில் வெளிவந்தன. அரசியல்வாதிகள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், காவல்துறை அதிகாரிகள் எனப் பலருடைய பேச்சும் அவற்றில் இருந்தது. அவை செயற்கை நுண்ணறிவால் திரிக்கப்பட்டவை என்று அன்றைய அரசு கூறியது. நவம்பர் 1ஆம் தேதி, தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சமூக ஊடகங்களை நவம்பர் 11 வரை முடக்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. வாக்குப்பதிவோ நவம்பர் 10ஆம் தேதி. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அந்தத் தடை ஏறத்தாழ ஒரு நாளிலேயே விலக்கப்பட்டது.

அதற்குப் பிறகு போர்ட் லூயிசிலும் ரோஸ் ஹில்லிலும் கோயில் சங்கக் கூட்டம் முடிந்த பிறகும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், வெளிநாட்டு உறவினர்களோடு பேசும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. நாம் உரிமை கோரும் சாகோஸ் தீவுகளில், பிரிட்டனின் நிர்வாகத்தின்கீழ் அமெரிக்கப் படை இயங்கும் டியேகோ கார்சியாத் தளத்துக்குப் போர் விமானங்கள் வந்த செய்தியும் அதனோடு சேர்ந்துகொண்டது. இவை தேவையான வாதங்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்கி விழுகின்றன. ஒரு கருவியால் ஒன்றைச் செய்ய முடியும் என்று தெரிந்தவுடன் அது நடந்தேவிட்டது என்று முடிவுகட்டுவோர் ஒருபுறம். நடந்ததற்குச் சான்று இல்லை என்றவுடன் அது நடக்கவே முடியாது என்று அடித்துச் சொல்வோர் மறுபுறம். நாம் செய்யும் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

2022இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூன் இறுதியில் மொரீசியஸ் டெலிகாமின் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். பே து ஜாக்கோட்டேயில் கடலடி கேபிள் கரையேறும் நிலையத்தில் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியைப் பொருத்த வெளியாரை அனுமதிக்குமாறு பிரதமர் தம்மை வற்புறுத்தினார் என்று அவர் குற்றம் சாட்டினார். பாதுகாப்புக் காரணங்களுக்காக ஓர் ஆய்வு நடத்த இந்தியாவிலிருந்து தொழில்நுட்பக் குழுவை வரவழைத்ததைப் பிரதமர் ஒப்புக்கொண்டார். ஒட்டுக்கேட்பதற்காக என்பதை மறுத்தார். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட செய்தி, வெளிநாட்டுக் குழு ஒன்று அந்த நிலையத்துக்குள் சென்றது என்பது. அதுவே நாடாளுமன்றத்தில் பதில் கோருவதற்குப் போதுமான அளவு கடுமையான செய்தி. அப்படியிருந்தும், அந்த உறுதியான செய்தியைப் பிடித்துக்கொள்ளாமல், “அன்று முதல் நம் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வேறு நாட்டில் படிக்கப்படுகின்றன” என்று பலர் பேசினார்கள். அப்படிப் பேசியதால் மறுப்பவர்களின் வேலை எளிதாகிவிட்டது. மிகைப்படுத்திய பகுதியை உடைத்துக் காட்டிவிட்டு, உண்மையான கேள்விக்குப் பதில் சொல்லாமலே அவர்களால் நகர்ந்துவிட முடிந்தது.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே என்ன கேட்கும் என்பது அமைகிறது. பே து ஜாக்கோட்டேயில் கரையேறும் சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரியூனியன், மொரீசியஸ் வழியாகக் கொச்சிக்கும் அங்கிருந்து மலேசியாவின் பினாங்குக்கும் செல்வது. அதில் ஓடும் தரவில் பெரும்பகுதி இன்று மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது உரியவர் தவிர மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது. எந்த முகவரி எந்தச் சேவையோடு, எப்போது, எவ்வளவு நேரம் தொடர்பு கொண்டது என்பதைக் கேபிளில் கைவைப்பவர் அறியலாம். முனைக்கு முனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி, மறையாக்கம் செய்த செய்தியின் உள்ளடக்கத்தை அங்கே நின்று படிக்க முடியாது. சாதாரண தொலைபேசி அழைப்பின் நிலை வேறு. கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையில்தான் அது மறைக்கப்படுகிறது. நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வந்தபின், சட்டபூர்வமான இடைமறிப்புக்கென அமைத்த வசதியின் வழியாகவே அதைப் பதிவு செய்யலாம். மூன்றாவது இடம் கைபேசியே. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் அதற்குள் புகுந்துவிட்டால், எவ்வளவு வலிமையான மறையாக்கமும் பயன்படாது, ஏனெனில் நீங்கள் படிப்பதை அதுவும் படிக்கிறது. ஆகவே “மறையாக்கம் இருக்கிறது, கவலை வேண்டாம்” என்பதும் “கேபிளைத் தொட்டுவிட்டார்கள், எல்லாம் போயிற்று” என்பதும் ஒரே அளவுக்குப் பிழையானவை. தடை வந்த அந்த ஒரு நாளில் பலரும் நிறுவிக்கொண்ட, இணைய இணைப்பை வேறு நாட்டுச் சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் செயலியும் அப்படியே: முடக்கிய தளத்தை அது திறந்துகொடுக்கும், தொலைபேசி அழைப்பை ஒட்டுக்கேட்பதைத் தடுக்காது.

பெகாசஸ் பற்றிய விவாதத்திலேயே இன்னொரு தவறும் நிகழ்ந்தது. 2021 ஜூலையில் பெகாசஸ் வாங்கிய அரசுகள் கண்காணிக்கத் தேர்ந்தவை எனக் கருதப்பட்ட 50,000க்கும் மேற்பட்ட தொலைபேசி எண்கள் கொண்ட ஒரு பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தபோது, பட்டியலில் எண் இருந்தாலே அந்தக் கைபேசி ஊடுருவப்பட்டுவிட்டது என்று உலகெங்கும் பேசப்பட்டது. தடயவியல் சோதனைக்குக் கிடைத்தவை 67 கைபேசிகள். அவற்றில் 37இல் தடயம் இருந்தது. அந்த 37இலும் 23 ஊடுருவப்பட்டவை, எஞ்சிய 14 ஊடுருவ முயன்ற அடையாளம் மட்டும் கொண்டவை. இந்த எண்கள் குற்றத்தின் கனத்தைக் குறைக்கவில்லை. எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சந்தேகமாக மட்டும் சொல்லலாம் என்ற எல்லையை அவை நமக்குக் காட்டுகின்றன.

முன்மொழிவையும் நடைமுறையையும் குழப்பிக்கொள்வது இதற்கு அடுத்த தவறு. 2021 ஏப்ரலில் நம் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை ஒன்று, சமூக ஊடகப் போக்குவரத்தை எல்லாம் ஓர் இடைநிலைச் சர்வர் வழியாகத் திருப்பி, மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடும் கண்டனம் எழுந்து, அந்தத் திட்டம் முன்னே செல்லவில்லை. ஆயினும் அது இன்றுவரை இயங்குவதாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று இயங்க வேண்டுமானால் நாட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும், ஒரு தளம் மெய்யானதே என்று உலாவிக்கு உறுதி சொல்லும் மின்னணுச் சான்றிதழை அரசிடமிருந்து பெற்று நம்பியாக வேண்டும். கசகஸ்தான் அதை முயன்றபோது, 2019 ஆகஸ்டில் கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் தங்கள் உலாவிகளில் அந்தச் சான்றிதழை முடக்கின. அத்தகைய முயற்சி நடந்தால் அது வெளியே தெரிந்துவிடும் என்பது நாம் வாதத்தில் பயன்படுத்த வேண்டிய செய்தி. அதைவிட்டு, கைவிடப்பட்ட திட்டத்தை நடப்பதாகச் சொன்னால், மெய்யாகவே நடக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டும் நாளில் நம் சொல்லை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

ஒலிப்பதிவு பொய்யா மெய்யா என்ற கேள்விக்கு இப்போது புதிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஒருவர் குரலைப் போலவே செயற்கையாகப் பேசவைக்க இன்று முடியும். இதனால் பொய்யான பதிவுகள் பெருகும் என்று மட்டுமே நாம் அஞ்சுகிறோம். மெய்யான பதிவில் அகப்பட்டுக்கொண்டவரும் “இது செயற்கை நுண்ணறிவு” என்று சொல்லித் தப்ப முடியும் என்ற எதிர்ப்பக்க ஆபத்து அதைவிடச் சிறியது அன்று. குரல் பழக்கமானதாக இருக்கிறது என்பதால் நம்புவதும், பிடிக்காத கட்சிக்காரர் வெளியிட்டார் என்பதால் தள்ளுவதும் ஆய்வு ஆகாது. பதிவில் பேசும் இருவரில் ஒருவராவது அந்த உரையாடல் நடந்ததென ஒப்புக்கொள்கிறாரா, நிறுவனத்தின் அழைப்பு விவரங்களில் அந்த நேரத்தில் அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறதா, மூலக் கோப்பு கிடைக்குமா என்றுதான் கேட்கவேண்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பதவியில் இருப்பவர் பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதைக் காட்டும் பதிவு மக்களுக்கு உரியது. ஒருவருடைய நோயையோ குடும்பச் சண்டையையோ வெளிப்படுத்தும் பதிவு அப்படி அன்று. ஒட்டுக்கேட்டதைக் கண்டித்துக்கொண்டே அந்த இரண்டாம் வகைப் பதிவை மற்றவருக்கு அனுப்புகிறவர், ஒட்டுக்கேட்டவன் தொடங்கிய தீங்கை முடித்துவைக்கிறார்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் செய்யும் தவறு நம் வாழ்க்கைச் சூழலிலிருந்து வருவது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளைப் பார்த்து அரசியல் பழகியவர்கள், இந்தியச் சட்டமே இங்கும் இருப்பதாக எண்ணிப் பேசுகிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு இந்திய உச்ச நீதிமன்றத்தினுடையது; அது இங்கே நம்மைக் காக்காது. இந்தியாவில் தொலைபேசி இடைமறிப்புக்கான ஆணையை உள்துறைச் செயலர் பிறப்பிக்கிறார். மொரீசியசிலோ, 2001ஆம் ஆண்டின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டப்படி, காவல்துறையின் விண்ணப்பத்தின் மேல் நீதிபதி அந்த ஆணையை வழங்கவேண்டும். இதை அறியாதவர் “அமைச்சர் கையெழுத்திட்டாரா” என்று கேட்பார். கேட்கவேண்டியதோ “நீதிபதியின் ஆணை இருந்ததா, எந்த வழக்குக்காக, யாருடைய விண்ணப்பத்தின் மேல்” என்பது.

நம் நாட்டுத் தீர்ப்புகளையும் பாதியாகச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. 2013இல் அறிமுகமான தேசிய அடையாள அட்டை பற்றிய வழக்கில் கைரேகை எடுப்பதையே நீதிமன்றம் தடுத்துவிட்டது என்று ஒரு சாரார் சொல்வார்கள். அரசு முழுவதும் வென்றது என்று மறு சாரார் சொல்வார்கள். 2015 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், அட்டைக்காகக் கைரேகை எடுப்பதை ஏற்றுக்கொண்டது, அவற்றைக் காலவரையின்றி மையத் தரவுத்தளத்தில் சேமித்து வைப்பதை ஏற்கவில்லை. கைரேகை எடுப்பதை எதிர்த்த மேல்முறையீட்டை நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக உள்ள லண்டனின் பிரிவி கவுன்சில் 2016இல் தள்ளுபடி செய்தது. 2021இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அந்தத் தரவு தவறாகப் பயன்படுவதைத் தடுக்கப் போதிய பாதுகாப்பு இல்லாததால் அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று கருத்துத் தெரிவித்தது. அந்தக் குழுவின் கருத்துக்குத் தார்மீக எடை உண்டு, உள்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பைப் போல் அதை நிறைவேற்ற வைக்க முடியாது.

“மறைக்க எனக்கு ஒன்றுமில்லை” என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். வழக்கறிஞரிடம் பேசும் கட்சிக்காரருக்கும், செய்தியாளரிடம் தகவல் சொல்லும் அரசு ஊழியருக்கும் மறைக்க இருப்பது குற்றம் அன்று. முஸ்தாஸ் பதிவுகளில் அகப்பட்டவர்களிடையே வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் இருந்தார்கள்.

“உள்ளடக்கத்தைக் கேட்கவில்லை, அழைப்பு விவரம் மட்டுமே எடுக்கிறோம்” என்ற சமாதானத்தை எளிதாக ஏற்றுக்கொள்வது அதைவிட ஆழமான தவறு. யார் யாரோடு, எங்கிருந்து, எந்த நேரத்தில் பேசினார் என்பதைக் கொண்டே ஒருவருடைய வாழ்க்கையைப் பெருமளவு வரைந்துவிடலாம். அமெரிக்காவின் உளவு அமைப்புகளான சிஐஏ, என்எஸ்ஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், இத்தகைய விவரங்களின் அடிப்படையிலேயே தாங்கள் ஆட்களைக் கொல்வதாக 2014இல் பொது மேடையில் கூறினார். கண்காணிப்பையும் போரையும் வெவ்வேறு விஷயங்களாக எண்ணுகிறவர்கள் இந்த ஒரு கூற்றைச் சிந்திக்கவேண்டும்.

போர் என்றால் நமக்கு டியேகோ கார்சியாவே முதலில் நினைவுக்கு வரும். 2025 ஏப்ரல் வாக்கில் பி-2 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் அத்தீவில் நிற்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஜூன் 22ஆம் தேதி அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியதும், நம் மண்ணிலிருந்து கிளம்பிய விமானங்களே குண்டு வீசின என்று கொதித்தவர்கள் பலர். அந்தத் தாக்குதலுக்குச் சென்ற பி-2 விமானங்கள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து புறப்பட்டவை. 1991 வளைகுடாப் போரிலும், 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003இல் ஈராக் மீதும் நடந்த தாக்குதல்களுக்கு டியேகோ கார்சியா மெய்யாகவே பயன்பட்டது. அந்த வரலாறு கையில் இருக்கும்போது, நிகழாத ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

இதற்கு நேர்மாறான பாடமும் அதே தீவில் இருக்கிறது. பிடிபட்டவர்களை இரகசியமாகக் கொண்டுசென்ற அமெரிக்க விமானங்கள் அங்கே இறங்கவில்லை என்று பிரிட்டன் தொடர்ந்து சொல்லி வந்தது. 2008 பிப்ரவரியில், 2002ஆம் ஆண்டில் அப்படி இரண்டு விமானங்கள் இறங்கியதை அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அரசின் மறுப்பு ஒரு தரப்பின் கூற்று மட்டுமே, அது முடிந்த முடிவு அன்று என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

அத்தளத்தின் கருவிகள் நம் கைபேசிப் பேச்சைக் கேட்கின்றன என்ற கூற்று தூரக் கணக்கிலேயே நிற்காது. டியேகோ கார்சியா இங்கிருந்து ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; கைபேசியின் அலை சில பத்து கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை. அங்கே விண்வெளிப் பொருள்களைக் கண்காணிக்கும் தொலைநோக்கிகளும், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோடு தொடர்பு கொள்ளும் தரை ஆன்டெனாவும் உள்ளன. சட்ட நிலையைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். 2019 பிப்ரவரி 25ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம் அளித்தது ஆலோசனைக் கருத்து. சாகோஸ் தீவுகளின் மீதான நிர்வாகத்தைப் பிரிட்டன் இயன்ற விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அது கூறியது, தளத்தை அகற்றச் சொல்லவில்லை. 2025 மே 22ஆம் தேதி பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தமும் மொரீசியசின் இறையாண்மையை ஏற்று, தளத்தை 99 ஆண்டுகளுக்கு நீடிக்கவிடுகிறது. அதை எதிர்க்கலாம், ஏற்கலாம். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து பேசவேண்டும். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்கள் இந்த விவாதத்தில் வெறும் எடுத்துக்காட்டாகிவிடுவதும் வருந்தத்தக்கது. அவர்களில் பலர் நம் அயல் தெருக்களில் வாழ்கிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது, இந்த வாதங்கள் இன விசுவாசத்தின் சோதனையாக மாறுவது. இந்தியக் குழு வந்ததைக் கேள்வி கேட்டால் முன்னோர் நாட்டுக்குத் துரோகம் என்றும், சீனாவின் ஹுவாவே நிறுவனத்தோடு அமைந்த 4,000 கேமராக்களைக் கேள்வி கேட்டால் அது மட்டும் நாட்டுப்பற்று என்றும் பேசுவதில் எந்தப் பொருளும் இல்லை. கருவியை விற்ற நாடு எதுவானாலும், பதிவைத் திறந்து பார்க்க யாருக்கு அனுமதி, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற கேள்விகள் மாறுவதில்லை.

2024 நவம்பர் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வென்றதோடு ஒட்டுக்கேட்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவது இப்போது பரவலாகியிருக்கும் தவறு. ஆட்சி மாறினாலும் தொலைபேசி நிறுவனத்தின் இடைமறிப்பு வசதி அங்கேயே இருக்கும். அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 பிப்ரவரி 4ஆம் தேதி அந்நாட்டு இடைமறிப்புச் சட்டத்தில் குறைகள் கண்டபோது முன்வைத்த காரணங்களுள் ஒன்று, கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னராவது அதைத் தெரிவிக்கும் கடமை அதில் இல்லை என்பது. எந்தக் கட்சியின் வேட்பாளர் வாசலுக்கு வந்தாலும், அத்தகைய கடமையை நம் சட்டத்தில் எழுதுவீர்களா, நீதிபதி ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஆணைகள் பிறப்பித்தார் என்பதை வெளியிடுவீர்களா, காவல்துறையைச் சாராத ஒருவர் அந்த வசதியின் பதிவேட்டைச் சோதிக்க வழி செய்வீர்களா என்று கேட்கலாம்.