அம்பேத்கரின் குடியரசுச் சிந்தனை: பேச்சுப்போட்டிக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

மதுரைக் கல்லூரிகளில் அம்பேத்கர் தலைப்பு கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பாட்டுதான்: சட்டம் எழுதினார், எல்லாருக்கும் ஓட்டு வந்தது, குடியரசு ஆனோம். ஓட்டோடு கடையைக் கட்டுவதுதான் முதல் தவறு.

தேர்தல் அறிவித்தாலே குடியரசு என்றால் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் என்ன சொல்வது? உசிலம்பட்டிப் பக்கத்து இந்த ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் வேட்புமனு போட ஆள் வராது. வந்தாலும் ஊர்க்காரர்கள் நிறுத்திய ஆளாக இருப்பார். ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். சட்டம் இருந்தது, ஓட்டுப்பெட்டியும் இருந்தது. முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் நிலைத்தது 2006 அக்டோபருக்குப் பிறகுதான்.

அம்பேத்கரின் கவலை இந்த இடத்தில்தான். யாரும் உங்களைத் தடுக்கவில்லை என்பது போதாது. நினைத்தால் தடுக்க முடியும் என்று ஒருத்தர் தலைக்கு மேல் இருக்கிறவரை சுதந்திரம் இல்லை. நல்ல முதலாளி வாய்த்த பண்ணையாளும் பண்ணையாள்தானே. அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு 1950 ஜனவரி 26-க்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்.

அடுத்தது, காந்தியின் கிராம சுயராஜ்யத்தை அம்பேத்கர் கணக்கில் எழுதுவது. காந்தி மியூசியம் இருக்கிற ஊர், இது சகஜம். ஆனால் கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடம் என்று 1948 நவம்பர் 4-ல் சபையிலேயே சாடியவர் அம்பேத்கர். அரசியல் சட்டம் கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் அவருக்கு மகிழ்ச்சி. மேலூர் பக்கம் மேலவளவில் 1997-ல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றதை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை.

அவருக்கே கட்அவுட் வைத்துப் பேசுவதும் அவருக்கு எதிரானதுதான். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றதும் அதே 1949 உரையில்தான்.

அப்புறம், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் பிரான்ஸ் சரக்கு என்று சொல்வது. புத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று 1954-ல் வானொலியிலேயே தெளிவுபடுத்திவிட்டார். பிக்கு சங்கங்களில் தீர்மானம், கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை), ஓட்டு எண்ணிக்கை எல்லாம் நடைமுறையில் இருந்ததை 1949-லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். இதையெல்லாம் தாண்டிக் குதித்து பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோவில் ஆரம்பிக்கிற பேச்சுக்கு நான் நடுவராக உட்கார்ந்தால் மார்க் குறைப்பேன்.