மதுரை மாசி வீதிகளைச் சிறு கணினி விளையாட்டாக அமைப்பது எப்படி?

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றுக்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அவற்றுக்கும் வெளியே மாசி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாக விரியும் பழைய மதுரையை, ஸ்க்ராட்ச் என்னும் இலவச நிரலாக்கக் கருவியில் ஒரே திரைக்குள் அடக்கிவிடலாம். மாசி வீதியின் முனையில் வாங்கிய மல்லிகைச் சரத்தை, அது வாடுவதற்குள் அம்மன் சன்னதியில் சேர்ப்பதுதான் விளையாட்டு.

ஸ்க்ராட்சின் மேடை, அதாவது விளையாட்டு நடக்கும் திரைப்பகுதி, 480 புள்ளி அகலமும் 360 புள்ளி உயரமும் கொண்டது. அதன் நடுப்புள்ளியில் இரண்டு அச்சுகளும் சுழியம். அங்கே கோயிலை வைத்து, மாசி வீதிகளுக்கு 320, ஆவணி மூல வீதிகளுக்கு 220, சித்திரை வீதிகளுக்கு 130 புள்ளிப் பக்கமுள்ள சதுரங்களைப் பின்னணியில் வரையுங்கள். உண்மையான மாசி வீதிகள் இவ்வளவு நேரானவை அல்ல என்றாலும், இந்தச் சிறிய அளவில் வளைவுகளைக் காட்டப் போனால் நடப்பதற்கு இடம் இராது. வீதியின் அகலம் 24 புள்ளியும், நடப்பவரின் உருவம் 16 புள்ளியும் இருந்தால் போதும். வடக்கு மேலே இருக்கும் இந்தப் படத்தில் மேலமாசி வீதி இடப்பக்கமும், கீழமாசி வீதி வலப்பக்கமும் வர வேண்டும். மதுரையில் மேல என்பது மேற்கையும் கீழ என்பது கிழக்கையும் குறிப்பதை அறியாத வெளியூர்க்காரர் திரையின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் தேடக்கூடும் என்பதால், வீதிப் பெயர்களைப் படத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நான்கு கோபுரங்களில் தெற்குக் கோபுரமே உயரமானது. அதைச் சற்றே பெரிதாக வரையுங்கள், ஊர்க்காரர் கண்கள் அதைத்தான் முதலில் தேடும்.

கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்து, அந்த நிறம் வேறெங்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி விசையை அழுத்தும்போது உருவம் 2 புள்ளி நகர வேண்டும். நகர்ந்த இடத்தில் கட்டட நிறத்தைத் தொட்டால் அதே 2 புள்ளி பின்வாங்க வேண்டும். இந்தச் சோதனையைக் கிடைமட்ட அசைவுக்கும் செங்குத்து அசைவுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்; இரண்டையும் சேர்த்து எழுதினால், இரண்டு விசைகளை ஒருசேர அழுத்துபவர் சுவரோரத்தில் சிக்கி நின்றுவிடுவார்.

இனி தேர். சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று இதற்குக் காரணம் சொல்வது மரபு. தேருக்குத் தனி ஸ்பிரைட் (மேடையில் நகரும் உருவம்) ஒன்றை உருவாக்கி, கீழமாசி வீதியின் நடுவில், அதாவது 160, 0 என்ற இடத்தில், புறப்படச் செய்யுங்கள். பிறகு தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாக, பக்கத்துக்கு 8 நொடி வீதம் அது வழுக்கிச் செல்லட்டும். முதல் பாதிப் பக்கத்துக்கு 4 நொடி. தேரைக் கட்டடம்போல் ஒரு தடையாக மட்டும் வைக்க வேண்டாம். அது மேலே வந்துவிட்டால் உருவம் எந்தத் திசையிலும் அசைய முடியாது. எனவே தேர் தொட்டதும் நடப்பவர் புறப்பட்ட முனைக்கே திரும்பும்படி எழுதுங்கள்.

நடப்பவர் மேலமாசியும் தெற்குமாசியும் கூடும் முனையிலிருந்து புறப்படட்டும். தெற்குமாசியிலிருந்து உள்ளே போக ஒரே ஒரு சந்து வழியை, கிழக்கு முனைக்கு அருகில், கிடைமட்டத்தில் 100 என்ற இடத்தில் திறந்துவிடுங்கள். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 முறை இயங்குவதால், உருவம் ஏறத்தாழ நாலரை நொடியில் அந்தச் சந்தின் வாயை எட்டும். தேரும் அதே வேளையில் முனை திரும்பி எதிரே வந்துகொண்டிருக்கும். அதற்கு முன் சந்துக்குள் நுழைவதா, பின்வாங்கிக் காத்திருப்பதா என்ற அந்த ஒரு நொடித் தயக்கத்துக்காகத்தான் இத்தனை அளவுகளும். கிழக்கே அம்மன் சன்னதி தெருவை, ஆவணி மூல வீதியிலிருந்து கோயில் வாசல் வரை திறந்து வையுங்கள்.

நேரத்தை எண்ணாகக் காட்டாமல், சரத்துக்கு மொட்டு, மலர்ந்த பூ, வாடிய பூ என மூன்று தோற்றங்கள் வரைந்து, 8 நொடியில் மலரவும் 20 நொடியில் வாடவும் விடுங்கள். முதன்முறை விளையாடுபவர் இரண்டு மூன்று முயற்சிகளில் சேர்ந்துவிட்டால் இந்த நேரம் சரி. எடுத்த எடுப்பிலேயே சேர்ந்துவிட்டால் தேரின் வேகத்தைத் தொடாமல், வாடும் நேரத்தை மட்டும் இரண்டிரண்டு நொடியாகக் குறையுங்கள்.