தேனீப் பண்ணைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது எப்படி: காவிரி டெல்டா ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உழவு பெரும்பாலும் நெல்லைச் சுற்றியே நடப்பதால், பயிருக்குத் தேனீ வேண்டும் என்ற எண்ணம் இங்குள்ள பிள்ளைகளுக்கு எளிதில் எழுவதில்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பது உண்மைதான். ஆனால் அதே வயலில் கோடையில் விதைக்கும் எள்ளுக்கும், கொல்லையில் படரும் பரங்கி, பூசணி, பாகல், புடலைக்கும், வேலியோரத்து முருங்கைக்கும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைக்கும் காய்ப்பில் பூச்சிகளின் உழைப்பு கலந்திருக்கிறது. தேனீப் பண்ணைக்குச் செல்லும் கல்விப் பயணம் இதைப் பிள்ளைகள் தம் கண்ணால் காண்பதற்காகவே அமைய வேண்டும். ஆகவே பூவில் தொடங்கித் தேனீ வளர்க்கும் பெட்டிக்குச் சென்று, தேனைக் கடைசியில் வைக்கும்படி திட்டமிடுங்கள். வந்தவுடன் தேனைச் சுவைக்கக் கொடுத்துவிட்டால் பிறகு எதிலும் பிள்ளைகளின் கவனம் நிற்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேனீக்கள் வெளியே செல்ல இயலாமல், பல பண்ணைகளில் சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள்; அப்போது பெட்டியைத் திறப்பது அவற்றுக்குத் தொல்லை. சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எள்ளும் வயலில் நிற்கும் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரையிலான நாட்களே ஏற்றவை. எள் பூ விடியற்காலையில் மலர்ந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும். பரங்கிப் பூவோ முற்பகலிலேயே கூம்பிவிடும். எனவே காலை ஏழரை மணிக்குள் பண்ணையில் இருக்க வேண்டும். பத்தரைக்குள் முடித்துக்கொண்டால் வெயிலுக்கும் தப்பலாம். அண்மையில் பக்கத்து வயல்களில் பூச்சிமருந்து தெளித்தார்களா என்று முந்தின நாள் பண்ணையாளரிடம் கேளுங்கள். தெளித்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி.

லாவண்டர் தோட்டமும் தேன்பெட்டிகளும் சேர்ந்த பண்ணைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் இடம் இங்கே கிடைக்குமா என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. லாவண்டர் குளிர்ந்த, நீர் தேங்காத சரிவு நிலத்துச் செடி. நம் நாட்டில் ஜம்மு காஷ்மீரின் பதேர்வா போன்ற மலைப்பகுதிகளில் பயிரிடுகிறார்கள். டெல்டாவின் களிமண்ணும் புழுக்கமும் அதற்கு ஒத்துவராது. ஆனால் துளசி, தும்பை, திருநீற்றுப்பச்சிலை, பேய்மிரட்டி ஆகியவை லாவண்டரின் குடும்பத்தையே சேர்ந்தவை. இவற்றின் உதடு போன்ற சிறு பூக்களில் தேனீ மொய்ப்பதைக் காண எங்கும் போக வேண்டியதில்லை. பெட்டிகளுக்கு அருகில் இத்தகைய செடிகளை வரிசையாக வளர்த்து, வேம்பையும் புங்கனையும் வெட்டாமல் விட்டிருக்கும் பண்ணையைத் தேடுங்கள். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும், மாவட்டத் தோட்டக்கலை அலுவலகங்களிலும் விசாரிக்கலாம். நூறு பெட்டி வேண்டும் என்பதில்லை. பத்துப் பெட்டி வைத்திருந்தாலும், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் பொறுமை உள்ளவராகப் பண்ணையாளர் இருக்க வேண்டும்.

பயணத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு நீங்கள் மட்டும் ஒருமுறை சென்று வாருங்கள். வழி, நிழல், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைப் பார்ப்பதோடு, கொடியில் மறுநாள் மலரவிருக்கும் பரங்கிப் பெண் மொட்டுகள் மூன்று நான்கைப் பண்ணையாளரின் அனுமதியுடன் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டிவிடுங்கள். அடியில் சின்னஞ்சிறு பிஞ்சுடன் இருப்பதே பெண் மொட்டு. பக்கத்தில் மூடாத சில மொட்டுகளின் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பிள்ளைகள் வரும் நாளில் வலைக்குள் இருந்த பிஞ்சுகள் வெம்பி மஞ்சளித்திருக்கும். திறந்திருந்தவற்றில் பல பருத்திருக்கும். மகரந்தச் சேர்க்கையைப் பற்றி நான் அறிந்த பாடங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில், பிள்ளைக்கு முன்பு தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சுத் திணறியதா என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படி இருந்தால் மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் அந்தப் பிள்ளையைப் பெட்டிக்கு அருகில் அழைத்துச் செல்லக் கூடாது. வெளிர் நிறத்தில் முழுக்கை ஆடை, மூடிய காலணி வேண்டும். வாசனைத் தைலம், சென்ட், தலையில் பூ வேண்டாம். காலையில் வாழைப்பழமும் வேண்டாம், ஏனெனில் கொட்டும் தேனீ மற்றவற்றை எச்சரிக்க வெளியிடும் மணத்தில் உள்ள முக்கியமான வேதிப்பொருள் வாழைப்பழ மணத்திலும் இருக்கிறது.

பண்ணைக்குள் சென்றதும் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, முதலில் பூக்களிடம் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எள் செடியையோ ஒரு துளசிப் புதரையோ தேர்ந்துகொண்டு, பத்து நிமிடத்தில் எவை எத்தனை முறை வந்தன என்று குறிக்க வேண்டும். பெட்டித் தேனீயைத் தவிர, கொசு அளவே இருக்கும் கொட்டாத் தேனீயும், பெரிய கருவண்டும், வண்ணத்துப்பூச்சியும், ஈக்களும் அந்தப் பட்டியலில் வந்து சேரும். அருகில் கத்தரிச் செடி இருந்தால் கருவண்டு அதில் என்ன செய்கிறது என்று காதுகொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அது பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் ஓசை காதில் விழும். பெட்டித் தேனீயால் இதைச் செய்ய இயலாது. இதைக் கேட்டறிந்த பிள்ளை, பெட்டி வைத்துவிட்டால் போதும், மற்றப் பூச்சிகள் தேவையில்லை என்று நினைக்காது. கணக்கெடுப்பு முடிந்ததும் வலை கட்டிய பரங்கிக் கொடிக்கு அழைத்துச் சென்று, காரணத்தை அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள்.

பெட்டியைப் பண்ணையாளர் மட்டுமே திறக்க வேண்டும். பிள்ளைகள் வாசலுக்கு நேராக நிற்காமல், பின்புறமோ பக்கவாட்டிலோ முகவலை அணிந்து நிற்கட்டும். தேங்காய் நாரை மூட்டிப் புகைப்பானால் இலேசாகப் புகைவிட்டு, தேனடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கும்போது, புழு அறைக்கும் தேன் அறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம். ராணி 16 நாளிலும், பணித் தேனீ 21 நாளிலும், ஆண் தேனீ 24 நாளிலும் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறுகின்றன; இது இத்தாலியத் தேனீக்கான கணக்கு. நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீ இந்த மண்ணுக்குப் பழகியது. 1990-களின் தொடக்கத்தில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோயில் தென்னிந்தியா முழுவதும் அதன் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. வயதில் மூத்த பண்ணையாளராக இருந்தால் அந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். கண்ணாடிப் பக்கம் வைத்த பார்வைப் பெட்டி இருந்தால், உணவு இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ ஆடிக் காட்டுவதைக் காண முயலலாம். அந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

யாரையேனும் கொட்டிவிட்டால் கையை வீசாமல் அந்த இடத்தைவிட்டு அழைத்து வந்து, கொடுக்கை நகத்தால் உடனே வழித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவிப் பனிக்கட்டி வையுங்கள். கொடுக்கு தோலில் இருக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இதில் தாமதம் கூடாது. உதடோ தொண்டையோ வீங்குதல், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கடைசியில் தேன். மூடிய அறைகளைச் சீவி, பிழியும் இயந்திரத்தில் சட்டத்தைச் சுழற்றுவதைக் காட்டிய பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி போதும். ஒரு பணித் தேனீ தன் வாழ்நாளில் சேர்ப்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியில் 12-இல் ஒரு பங்குதான் என்பதை அப்போது சொல்லுங்கள். வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் அதற்குத் தேன் தரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாட்டுலிசம் என்னும், நரம்புகளைத் தாக்கும் கொடிய நஞ்சு நோய் ஏற்படும் ஆபத்து உண்டு. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்குவதே நல்ல தேன் என்ற சோதனையை யாரேனும் செய்து காட்டினால், கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே தங்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கிவிடுங்கள்.

பள்ளிக்குத் திரும்பிய வாரத்திலேயே பத்து நிமிடக் கணக்கைத் தொகுத்து ஒரு படி பண்ணையாளருக்கு அனுப்புங்கள். எந்தச் செடிக்குத் தேனீ அதிகம் வந்தது என்று பிள்ளைகள் கண்டார்களோ, அதையே பள்ளி மதிலோரத்தில் நட்டு, பூக்கும் பருவத்தில் அங்கேயும் இதே கணக்கை எடுக்கச் செய்யுங்கள்.