அம்பாசிடரில் ஹெடர் மாட்டியதும் ஐடிலிங் தடுமாறினால்

பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு வெளியில் வாங்கின எக்ஸாஸ்ட் ஹெடரை (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு) கிருஷ்ணகிரியில் வைத்து மாட்டினேன், ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, கார்பரேட்டரை எவ்வளவு திருகியும் அடங்கவில்லை. இந்த 1489 சிசி இன்ஜினில் இன்டேக் (பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே போகும் குழாய்), எக்ஸாஸ்ட் இரண்டுமே ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) ஒரே பக்கம். ஒரே வாஷர்தான் இரண்டின் ஃபிளாஞ்சையும் (ஹெட்டோடு ஒட்டும் தட்டை விளிம்பு) சேர்த்து அழுத்தும். ஹெடர் ஃபிளாஞ்ச் தடிமனாக இருந்ததால் வாஷர் சாய்ந்து, இன்டேக் பக்கம் பிடிப்பில்லாமல் காற்று இழுத்தது. கனமான வாஷர்களை எடுத்து ஹெடர்மேல் உட்காரும் பாதியை மட்டும் அரத்தால் ராவி, வித்தியாசத்தைச் சரிக்கட்டினேன். அப்புறம் புது கேஸ்கட், நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்கு, ஓட்டிச் சூடாக்கி, ஆறினபின் மறுபடி முடுக்கு. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இழுவை அருமை! நட்டு மட்டும் பித்தளையில் போடுங்கள், துருப்பிடித்து ஸ்டட்டோடு (நட்டு ஏறும் மறையுள்ள கம்பி) இறுகாது.