டொரான்டோவுக்கு ஆய்வு மாணவராக வருகிறீர்களா? முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

டொரான்டோ பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் அரசியல் அறிவியல் துறை இருப்பது சிட்னி ஸ்மித் ஹாலில், கதவு எண் 100. பக்கத்தில் வில்காக்ஸ் தெருவைக் கடந்தால் 80-ஆம் எண்ணில் லாஷ் மில்லர், அதாவது வேதியியல். வடக்கே பத்து நிமிடம் நடந்தால் புளோர் தெருவில், சப்வே ஸ்டேஷனை ஒட்டியே, எல்லோரும் 'ஓய்சி' என்று கூப்பிடுகிற கல்வியியல் நிறுவனம். மூன்று இடத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றிலும் கொடுப்பது அதே பிஎச்.டி. தான். ஆனால் லாஷ் மில்லரில் இருக்கும் அண்ணா சொன்ன புத்திமதியை வைத்துக்கொண்டு சிட்னி ஸ்மித்தில் காலம் தள்ள முடியாது. புதிதாக வருகிறவர்கள் ஊர்க்காரர் யாராவது கிடைத்தால் போதும் என்று எல்லாவற்றையும் அவரிடமே கேட்கிறார்கள். வங்கி, சிம் கார்டு, குளிர்கோட்டு பற்றிக் கேளுங்கள், தப்பில்லை. ஆய்வு வாழ்க்கை பற்றி உங்கள் துறைக்காரரிடம் மட்டும் கேளுங்கள், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி.

நாற்பதாயிரத்தின் கணக்கு

2018 இலையுதிர்காலம் முதல் இங்கே பெரும்பாலான வெளிநாட்டு பிஎச்.டி. மாணவர்கள் கனடாக்காரர் கட்டும் அதே கல்விக் கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள். 2025 செப்டம்பரிலிருந்து உதவித்தொகை உறுதி பெற்ற பிஎச்.டி. மாணவர்களுக்கு அடிப்படைத் தொகை ஆண்டுக்கு 40,000 டாலர். ஊரில் இதை ரூபாயாக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். பார்க்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. கட்டணமும் சில்லறைக் கட்டணங்களும் சேர்ந்து சுமார் 8,000 போய்விடும். மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,600 சொச்சம். டவுன்டவுனில் ஒரு அறை அதில் பாதியை விழுங்கிவிடும். இன்னொன்று, அந்தப் பணம் விமான நிலையத்தில் உங்களுக்காகக் காத்திருக்காது. வந்து இறங்கி முதல் தவணை கைக்கு வரும்வரை தாங்கக்கூடிய அளவு, குறைந்தது இரண்டு மாதச் செலவு, கையில் இருக்கட்டும்.

எம்.எட். படிக்க வருகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது பாடங்களை முடித்து வாங்கும் பட்டம். உதவித்தொகை எதிர்பார்க்க முடியாது, வெளிநாட்டவர் கட்டணமும் கனம். ஓய்சியில் ஆய்வு செய்ய வேண்டுமென்றால் எம்.ஏ. அல்லது பிஎச்.டி. என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். எம்.எட். முடித்துவிட்டு அப்படியே பிஎச்.டி.க்குள் போய்விடலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், அந்த வாக்கைத் துறை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நாற்பதாயிரம் என்பது ஒரே எண்தான். அது வந்து சேரும் வழி துறைக்குத் துறை வேறு. வேதியியலில் பெரும்பங்கு உங்கள் வழிகாட்டியின் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. அந்த மானியத்தை அவர் அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் கூட்டாட்சி அமைப்பான என்செர்க்கிடமோ வேறு இடத்திலோ போராடி வாங்கியிருப்பார். அரசியல் அறிவியலின் கிளையான அரசியல் சிந்தனையில் துறையே ஒரு தொகுப்பாகத் தருகிறது. அதில் கணிசமான பகுதி நீங்கள் டி.ஏ., அதாவது கற்பித்தல் உதவியாளர், வேலை பார்த்துச் சம்பாதிப்பது. கல்வியியலில் கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்ற பெயரில் ஒரு பேராசிரியரின் திட்டத்தில் வேலை கிடைக்கும். அது உங்கள் சொந்த ஆய்வாக இருக்க வேண்டும் என்பதில்லை. யார் உங்களைக் கேள்வி கேட்கலாம், எப்போது ஊருக்குப் போகலாம், வழிகாட்டியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதெல்லாம் இந்த வழியைப் பொறுத்தது.

டி.ஏ. வேலைக்குச் சங்கம் உண்டு: க்யூபி 3902. ஓய்சியின் உதவியாளர்களுக்கு க்யூபி 3907. 2015-இல் 3902 டி.ஏ.க்கள் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பருவத் தொடக்கத்தில் உங்கள் வேலை நேரங்களைப் பிரித்து எழுதிய படிவம் ஒன்று கைக்கு வரும்: விடைத்தாள் திருத்த இத்தனை மணி, வகுப்புக்கு இத்தனை மணி என்று. நம்மவர்கள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒதுக்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு உழைப்பார்கள். வேண்டாம். நேரம் தாண்டப்போகிறது என்று தெரிந்ததும் பேராசிரியரிடம் சொல்லுங்கள். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வேதியியல் மாணவர் தன் சொந்த ஆய்வுக்காக ஆய்வக மேசையருகே நிற்கும் நேரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே எழுதப்படாத விதிகள்தான் ஆட்சி.

லாஷ் மில்லர்

முதலில், உங்கள் வழிகாட்டி எந்த வளாகத்தில் இருக்கிறார்? வேதியியல் முதுநிலைப் படிப்பு மூன்று வளாகங்களுக்கும் பொது. பேராசிரியரின் ஆய்வகம் ஸ்கார்பரோவிலோ மிசிசாகாவிலோ இருக்கலாம். டவுன்டவுனில் ஒரு வருட ஒப்பந்தம் போட்டு வீடு பிடித்த பிறகு இது தெரியவந்தால் தினமும் பஸ்ஸில்தான் வாழ்க்கை.

ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன் பாதுகாப்புப் பயிற்சிகள் உண்டு. அபாயப் பொருள்கள் பற்றிய விம்மிஸ் பயிற்சி இல்லாமல் யாரும் உள்ளே விடமாட்டார்கள். ஜூலை வெயிலிலும் செருப்பு ஆகாது, மூடிய காலணிதான். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் பயிற்சி எடுத்த பிறகு நீங்களேதான் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஊரில் பல கல்லூரிகளில் மாதிரியை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு முதல் சில நாள் கை நடுங்கும். எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவரும் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் வினைபொருளை ஊசியில் எடுக்க, தன்னைவிட இரண்டு வயது இளைய பையனிடம் நின்று கற்றுக்கொள்கிற இடம் இது. கௌரவம் பார்க்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பது நம் ஊரில் அடக்கம். இங்கே 'இவருக்குப் புரியவில்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். வாரம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதென்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். காலி மேசை எல்லோர் கண்ணிலும் படும். சிட்னி ஸ்மித்தில் நீங்கள் ஒரு மாதம் காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. அந்தத் துறையின் ஆபத்தும் அதுதான்.

சிட்னி ஸ்மித்

இங்கே வழிகாட்டி முதல் நாளே நியமிக்கப்பட்டுக் கையில் தலைப்பு கொடுப்பதில்லை. முதலில் பாடங்கள், பிறகு விரிவான தேர்வுகள், அதன்பின் ஆய்வுத் திட்டம். பிளேட்டோவிலிருந்து ரால்ஸ் வரை நீளும் வாசிப்புப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் காலம் நீண்டது. அந்தக் காலத்தில்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். தேர்வுக்குத் தயாராகும் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து வாரந்தோறும் சந்திக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். படிப்பில் உதவுகிறதோ இல்லையோ, பேச ஆள் இருக்கும்.

இந்தத் துறைக்கு இந்த ஊரில் நல்ல பரம்பரை உண்டு. ஹாப்ஸ், லாக் இருவரின் சிந்தனைக்குள் சொத்துடைமை மனிதன் ஒளிந்திருப்பதை 1962-இல் எழுதிக் காட்டிய சி.பி. மேக்பெர்சன் இங்கே பாடம் நடத்தியவர். நாட்டு எல்லைகள் திறந்திருக்க வேண்டும் என்று 1987-இல் வாதாடிய ஜோசப் கேரன்ஸும் இத்துறைக்காரரே. விசா வரிசையில் நின்று வந்தவர்களுக்கு அந்தக் கட்டுரை வேறு மாதிரி படிக்கும்.

ஒன்றை எதிர்பார்த்து வாருங்கள். நீங்கள் ரூசோவை ஆராய வந்திருந்தாலும் உங்களைப் பார்த்ததும் 'தெற்காசியாவா?' என்று கேட்பார்கள். பெரியாரையோ அம்பேத்கரையோ எடுத்துச் செய்ய விருப்பம் இருந்தால் ஒப்பீட்டு அரசியல் கோட்பாடு என்ற கிளை இப்போது வளர்ந்திருக்கிறது, தாராளமாகச் செய்யுங்கள். விருப்பம் இல்லாமல், எளிதாக இடம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் ஊரைப் பற்றி எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு வருடம் அதோடு வாழ வேண்டும். ரூசோதான் என்றால் பிரெஞ்சு வகுப்பில் முதல் ஆண்டே சேர்ந்துவிடுங்கள்.

மூன்று துறைகளையும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறேனே தவிர, இந்த ஊரிலேயே அவை ஒரே குடும்பத்தில் கலந்த கதையும் உண்டு. 1986-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் பொலானி டொரான்டோ பல்கலைக்கழகத்தவர். அவர் அப்பா மைக்கேல் பொலானி வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு மாறியவர்; சொல்லில் அடங்காமல் கைவழியாகவும் கூட இருப்பதாலும் மட்டுமே கடத்தப்படும் அறிவைப் பற்றி எழுதினார், கல்வியியலில் அது இன்றும் பாடம். பெரியப்பா கார்ல் பொலானி சந்தைப் பொருளாதாரத்தை விமர்சித்த சிந்தனையாளர். கார்லின் மனைவிக்கு அமெரிக்கா விசா மறுத்ததால் அவர்கள் குடும்பம் தங்கிய இடம் பிக்கரிங். ஆமாம், ஸ்கார்பரோவைத் தாண்டியதும் வரும் அதே பிக்கரிங்.

ஓய்சி

1965-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1996-இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நான்கு துறைகள். அரசியல் சிந்தனை மாணவர்கள் பலர் இங்குள்ள சமூகநீதிக் கல்வித் துறையில் ஒரு பாடமாவது எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சம்மதித்தால் அதற்கு வழி உண்டு.

இங்கே காலத்தைத் தின்பது அனுமதி. மனிதர்களிடம் பேட்டி எடுப்பதற்கு முன் பல்கலைக்கழக ஆய்வு அறநெறிக் குழு ஒப்ப வேண்டும். டொரான்டோ அரசுப் பள்ளிக்குள் போக வேண்டுமென்றால் பள்ளி வாரியத்துக்கென்று தனிக் குழு, தனி விண்ணப்பம். பிள்ளைகளோடு பழகுவதாக இருந்தால் போலீஸ் சரிபார்ப்பு வேறு. 'பிரின்சிபல் தெரிந்தவர்தான், போய்ப் பேசிக்கொள்ளலாம்' என்ற வேலை நடக்காது. அனுமதி இல்லாமல் சேகரித்த தரவைப் பயன்படுத்தவே முடியாது.

தமிழ்ப் பிள்ளைகளின் வார இறுதித் தமிழ் வகுப்புகளை ஆராயலாம் என்று பலருக்கும் தோன்றும். நல்ல களம். ஆனால் நீங்கள் தமிழர் என்பதால் கதவு சுலபமாகத் திறக்கும் என்று நினைக்காதீர்கள். இங்குள்ள தமிழரில் பெரும்பான்மையினர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். போருக்குப் பின் யார் எதற்காகக் கேள்வி கேட்கிறார்கள் என்ற எச்சரிக்கை பல குடும்பங்களில் இன்னும் உண்டு. ஒப்புதல் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் இதைப் புரிந்துகொள்ளாமல் ஒலிப்பதிவுக் கருவியை மேசை மேல் வைத்தால், தேநீரும் வடையும் வரும், பேச்சு வராது. முதல் வருடம் ஆய்வாளராகப் போகாமல் ஒரு கை உதவிக்குப் போங்கள். நாற்காலி அடுக்கிக் கொடுங்கள். வாய்மொழி ஒப்புதலுக்கும் அறநெறி விதிகளில் இடம் உண்டு. காரணத்தை விண்ணப்பத்தில் எழுதிக் கேட்க வேண்டும். தமிழ் சார்ந்து எது செய்வதானாலும் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் சமூகத்தின் நன்கொடையால் அமைந்த தமிழ் இருக்கை இருக்கிறது, அங்கேயும் ஒருமுறை போய்ப் பேசிவிடுங்கள்.

வீடு

ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் எடுத்தால் இடியாப்பம், கொத்து, கீரை எல்லாம் காலடியில். கென்னடி ஸ்டேஷனிலிருந்து செயின்ட் ஜார்ஜுக்குச் சப்வேயில் அரைமணி நேரம். கென்னடிக்கு வந்து சேரும் பஸ் நேரம் தனி. ஸ்கார்பரோ சென்டர் வழியாக ஓடிய மூன்றாம் தடம் 2023 ஜூலையில் ஒரு விபத்தோடு நின்றுபோனது. அரசியல் சிந்தனைக்காரர் ரயிலிலேயே படித்துக்கொண்டு வரலாம். இரவு பன்னிரண்டுக்கு வினையை நிறுத்த வேண்டிய வேதியியல்காரருக்குச் சப்வே மூடிய பிறகு 300-ஆம் எண் இரவு பஸ்தான் துணை. அவர் வளாகத்துக்குப் பக்கத்தில் சின்ன அறை எடுப்பது நல்லது.

ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகைக்கான தொகை மட்டும். சேதத்துக்கென்று டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருந்தால் இந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. 'நம்ம ஆள்தானே' என்று தாளில் எதுவும் எழுதாமல் குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாள்கள்

பியர்சன் விமான நிலையத்திலேயே படிப்பு அனுமதியை அச்சடித்துத் தருவார்கள். பெயர், முடிவு தேதி இரண்டையும் அந்த அதிகாரியின் முன்னாலேயே சரிபாருங்கள். பிறகு வேலை செய்யத் தேவையான சின் எண், அதாவது சமூகக் காப்பீட்டு எண்; 9-இல் தொடங்கும், படிப்பு அனுமதி முடியும் நாளோடு அதுவும் முடியும். மாகாண மருத்துவக் காப்பீடு வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது, யூஹிப் என்ற பல்கலைக்கழகக் காப்பீடுதான். அட்டையை வந்த வாரமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் வேலை செய்ய மணிநேர வரம்பு இல்லை. வெளியே, வகுப்பு நடக்கும் காலத்தில், வாரத்துக்கு 24 மணி.

வழிகாட்டியோடு சரிவராமல் போனால் ரகசியமாகப் பேச முதுநிலை மாணவர்களுக்கென்றே பல்கலைக்கழகத்தில் மையம் ஒன்று இருக்கிறது. கசப்பு முற்றும்வரை காத்திருக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் குழுவின் கூட்டம் நடந்து அறிக்கை பதிவாக வேண்டும்; அது தள்ளிப்போகிறது என்றால் நீங்களே மின்னஞ்சல் போட்டுத் தேதி கேளுங்கள்.

ஏப்ரல் 30 வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள். முழுநேர மாணவரின் உதவித்தொகைக்கு வரி இல்லை, டி.ஏ. சம்பளத்துக்கு உண்டு. வரி கட்ட வேண்டியதே இல்லை என்றாலும் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். செய்தால்தான் குறைந்த வருமானக்காரருக்கான ஜிஎஸ்டி தொகையும் மாகாணத்தின் டிரில்லியம் தொகையும் வங்கிக்கு வரும். முதல் ஆண்டு வந்தவர்கள் ஜிஎஸ்டி தொகைக்குத் தனிப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். வரிக் காலத்தில் வளாகத்திலேயே இலவச உதவி முகாம் போடுவார்கள், ஸ்கார்பரோவில் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய அவசியமில்லை.