டாட்டூ ஸ்டென்சில் கலையாமல் ஒட்டுவது எப்படி

பாதி லைன் இழுத்திருக்கும்போதே ஸ்டென்சில், அதாவது குத்துவதற்கு வழிகாட்டத் தாளிலிருந்து தோலில் பதிக்கும் ஊதாக் கோட்டுப் படம், வழிந்து ஊதாக் கறையாகிவிட்டால் எல்லோரும் முதலில் திட்டுவது அதை ஒட்டத் தோலில் தடவும் ஜெல்லைத்தான். ஜெல் மேல் தப்பு குறைவு. அதை அள்ளிப் பூசியதும், காயவிடாமல் மெஷினைக் கையில் எடுத்ததும்தான் பெரும்பாலும் காரணம்.

முதலில் தாள். கையால் வரையும் ஸ்டென்சில் தாளில் மேலே வெள்ளை, நடுவே மெல்லிய டிஷ்யூ, அதற்குக் கீழே ஊதா மை பூசிய தாள், அடியில் தாங்கிப் பிடிக்க ஒரு மஞ்சள் தாள் என்று இருக்கும். அந்த டிஷ்யூவை உருவி எடுக்காமல் வரைந்தால் மை ஏறவே ஏறாது. மை வெள்ளைத் தாளின் பின்பக்கத்தில் தலைகீழாக ஏறுவதால் தோலில் ஒட்டும்போது எழுத்து நேராக வந்துவிடும், அதனால் படத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆனால் ஸ்டென்சில் மை ஊற்றிய இங்க்ஜெட் பிரிண்டரில் எடுப்பவர்கள் கட்டாயம் மிரர் பண்ணித்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 'அம்மா' கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கும். தமிழ் எழுத்தில் இன்னொன்று: ண, ஞ போன்றவற்றின் சுழிகளைப் பொடியாக வைக்காதீர்கள். வருடங்கள் போகப் போக தோலுக்குள் மை கொஞ்சம் பரவும், சுழி அடைத்துக்கொள்ளும். ஆள் 'சின்னதா போதும்' என்று கேட்டாலும் கம்ப்யூட்டரிலேயே பெரிதாக்கிக் காட்டிவிடுங்கள்.

அடுத்து தோல். முடியே தெரியாத இடமாக இருந்தாலும் புது டிஸ்போசபிள் ரேசரால் மெதுவாக மழியுங்கள், பூனை முடி இருந்தாலே லைன் விட்டு விட்டு விழும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். நம்ம ஊரில் காலையில் தேங்காய் எண்ணெயோ பாடி லோஷனோ தடவிக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் நிறைய, அந்தப் பிசுக்கு போகாமல் எதுவும் ஒட்டாது. ஆல்கஹால் முழுக்க ஆறிய பிறகுதான் ஜெல்.

எங்கே ஒட்டுவது என்று பார்க்கும்போது ஆளை எழுந்து நிற்கச் சொல்லி, கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லுங்கள். முன்கையை மேஜையில் திருப்பி வைத்து ஒட்டினால், அவர் எழுந்து கையைத் தொங்கவிட்டதும் நேராக இருந்த லைன் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்கின் மார்க்கரால் நடுவில் ஒரு புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்று, அவ்வளவு போதும்.

கிளவுஸை மாற்றிவிட்டு ஜெல்லைக் கொஞ்சமாக எடுங்கள், உள்ளங்கை அளவு டிசைனுக்கு ஒரு பட்டாணி அளவே தாராளம். தோல் ஈரமாகப் பளபளக்காமல், விரல் வைத்து எடுத்தால் லேசாகப் பிடித்து இழுக்கும் பதம் வரும்வரை தேயுங்கள். இன்னும் வழுக்குகிறதா, தாளைத் தொடாதீர்கள். பழைய ஆட்கள் டியோடரண்ட் ஸ்டிக் வைத்தே வேலையை முடிப்பார்கள், ஒட்டவும் செய்யும், ஆனால் ஒரே ஸ்டிக்கை ஒவ்வொருவர் தோலிலும் நேராகத் தேய்ப்பது அசிங்கம் மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

தாளின் நடுப்பகுதியை முதலில் வைத்து, அங்கிருந்து ஓரங்களுக்கு அழுத்திக்கொண்டே போங்கள். பட்ட பிறகு நகர்த்தவே கூடாது, ஒரு நூல் நகர்ந்தாலும் இரட்டைக் கோடு. தோள், முழங்கை மாதிரி வளைவான இடம் என்றால் லைன் இல்லாத பக்கமாகத் தாளின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டால் மடிப்பு விழாது. தேய்க்காமல் உள்ளங்கையால் அழுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, ஒரு மூலையிலிருந்து நிதானமாக உரியுங்கள். எங்காவது மங்கலாக இருந்தால் மறுமூலையை விடாமல் அப்படியே திரும்பப் படியவைத்து அழுத்தலாம்.

இப்போதுதான் எல்லோரும் அவசரப்படுகிற கட்டம். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள், சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஏசி இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடவே. மேலே நிற்கும் ஈர மையை உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அந்த நேரத்தில் ஆளைக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். கோணல் தெரிந்தும் 'பரவாயில்லண்ணே, குத்துங்க' என்பார்கள். கேட்காதீர்கள், ஆல்கஹாலால் அழித்துவிட்டு, தோல் காய்ந்ததும் புதுத் தாளில் மறுபடி ஒட்டுங்கள். பழைய தாளில் மை போயிருக்கும்.

குத்தும்போது வலது கைக்காரர்கள் கீழே வலது ஓரத்தில் ஆரம்பித்து மேலே போனால், துடைக்கும் கையும் ஊன்றும் கையும் இன்னும் குத்தாத லைன் மேல் படாது. வாசலினை மெல்லிய படலமாக மட்டும் பூசுங்கள், துடைப்பது ஒற்றலாகவே இருக்கட்டும். அப்படியும் ஓர் இடம் மங்கினால் அந்த ஒருவருக்கென்றே பிரித்த ஸ்டெரைல் ஸ்கின் மார்க்கரால் கையால் வரைந்துகொள்ளுங்கள். அதுவும் ஊசி படாத தோலில் மட்டும்தான், ஊசி பட்டுத் திறந்த இடத்தில் மார்க்கரும் கூடாது, இன்னொரு ஸ்டென்சிலும் கூடாது.